காத்திருந்த நாள்: மூன்று

பத்தொன்பதாவது முறையும் அதே பதில்தான் வந்தது. “தங்கள் அளவீடு ‘விலகல்’ என வகைப்படுத்தப்பட்டு நீக்கப்பட்டது. தண்ணீரின் மீதான தங்கள் அக்கறைக்கு நன்றி.” முதல் வரியைக்கூடக் கோகிலவாணி பொறுத்துக்கொள்வாள். அந்த நன்றிதான் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் வீசினாள். அது உடையவில்லை. உடைந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சமையல் மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், தண்ணீரில் உலோகம் பார்க்கும் பழைய கருவி இருந்தது. அரசு நீர்ப் பரிசோதனைக்கூடத்தை மூடிச் சாமான்களை ஏலம் விட்டபோது, பழைய இரும்புக்காரர் தூக்கிப்போவதற்கு முன்னால் ஓடிப்போய் எடுத்து வந்தது. அந்தக் கூடத்தில் பதினோரு வருடம் சோதனைக்குத் தண்ணீர் மாதிரிகள் எடுக்கிற வேலை பார்த்தவள் அவள். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் தொண்ணூற்றிரண்டு இருக்கிறது என்றது கருவி. ஆறுதான் இருக்கிறது என்றது நீர்மதி என்ற அரசுக் கணினி. சட்டப்படி ஆறுதான் உண்மை.

நீர்மதியைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது வந்தபோது வெள்ளோடைப்பாளையமே கைதட்டியது. கோகிலவாணியும் தட்டினாள்.

ஊரைச் சுற்றிப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் ஆலைகள் இருபத்து மூன்று. அவற்றின் கழிவுநீர் மேற்கே உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும். அங்கே சுண்ணாம்புத் தொட்டியிலும், கொட்டாங்குச்சிக் கரி நிரப்பிய தொட்டிகளிலும் இறங்கி ஏறி வெளியே வரும். ஆறு செத்துப்போன பிறகு அந்தத் தண்ணீர்தான் ஊர்க் குழாய்க்கு. சுத்தமாகத்தான் இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய மேலதிகாரிகள் ஆலைக்காரர்களின் காரில் வந்து இறங்கினார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் எண்கள் மாறின. அந்த வயிற்றெரிச்சலில்தான் ஊர் இயந்திரத்தை வரவேற்றது. பழைய பரிசோதனை எண்களை எல்லாம் படித்துப் பாடம் கற்ற இயந்திரம் அது. எவ்வளவு கழிவு வருகிறது, அதில் எவ்வளவு ஈயம், என்ன அமிலப் புளிப்பு, கரி எத்தனை நாள் பழசு என்று பார்த்து, வெளியே வரும் தண்ணீரில் எவ்வளவு ஈயம் மிஞ்சும் என்று மணிக்கொரு தரம் கணித்துச் சொல்லும். அது டீ குடிக்காது, காரில் ஏறாது. பிறகு ஒரே வரியில் சட்டம் வந்தது: கணிப்பே அளவு. நாற்பத்திரண்டு ஊர்களில் பரிசோதனைக்கூடங்களுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அது நடந்து நான்கு வருடம். அப்போது கோகிலவாணியின் மகள் மதிவதனிக்கு நான்கு வயது.

ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பில் ‘ப’ எது ‘ம’ எது என்று விழித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். டீச்சர் “கவனம் பத்தலை” என்று எழுதி அனுப்பினார். மாமியார் கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். கோகிலவாணி மட்டும் ஈறு ஓரம் கறுத்திருந்ததைப் பார்த்தாள். உடம்பில் ஈயம் ஏறினால் அப்படித்தான் கறுக்கும்.

“டாக்டரம்மா, ரத்தத்துல ஈயம் பாக்கோணுமுங்க” என்றாள் அரசு மருத்துவமனையில்.

அந்த டாக்டர் நல்ல மனுஷி. கணினித் திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “நானும் எழுதிட்டேன்மா. இது ஏத்துக்க மாட்டேங்குது. உங்க ஊர்த் தண்ணியில ஈயம் ஆறுதான்னு இருக்கு. அப்ப ரத்தத்துல இருக்க வாய்ப்பில்லைன்னு அதுவே கணிச்சு டெஸ்ட்டைத் தள்ளி விட்டுடுது.”

“பாத்தாத்தானுங்களே இருக்குதா இல்லையான்னு தெரியும்?”

“பாக்கத்தான் விட மாட்டேங்குதே.”

கோகிலவாணி மகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். ஐந்தைத் தாண்டக் கூடாத இடத்தில் முப்பத்தொன்று என்று வந்தது. அதைப் படித்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “பிள்ளை என்னம்மா குடிக்குது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு, “கவர்மென்டு தண்ணிங்க” என்று இவள் சொன்ன பதில் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கேன் தண்ணீர் வாங்கினாள். கேன்காரர் எங்கே நிரப்புகிறார் என்று வண்டிக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அதே ஊர்க் குழாய்தான். அன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து தன் பிள்ளைக்கு மட்டும் இரண்டு குடம் கொண்டு வருகிறாள். பள்ளிக்கூடத்தில் மற்ற முந்நூற்று நாற்பது பிள்ளைகள் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் குடத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கத் தோன்றும்.

பத்தொன்பதாவது நன்றியோடு அவள் பொறுமை தீர்ந்தது. நீர்மதியை உருவாக்கிய குழுவின் பெயர்கள் சட்டத்தின் பின்னிணைப்பில் இருந்தன. அதில் ஒரு பெயர் தன்ஷிகா. கோயம்புத்தூரில் வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாளே அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தன்ஷிகாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. “யாருங்க வேணும்?” என்றாள்.

“இந்த நீர்மதிக்கு எவன் பாடம் சொல்லிக் குடுத்தான்னு தெரியோணும் அம்மிணி. அவன் சட்டையப் புடிச்சு நாலு கேள்வி கேக்கோணும். அவ்வளவுதான், போயிருவேன்.”

கதவை அறைந்து சாத்தியிருக்கலாம். தன்ஷிகா சாத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் படித்தாள். முகம் மாறியது. பிறகு மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அக்கா, அது தானா எதையும் யோசிக்காது. பழைய எண்களைப் பாத்து, இப்படி இருந்தா இப்படி வரும்னு பழகிக்கும். உங்க ஊர்க் கணிப்புக்கு எந்தப் பழைய எண்ணுங்க ரொம்பக் காரணம்னு பாக்கலாம். அதுக்கு வழி வெச்சிருந்தோம். யாரும் கேட்டதில்லை.”

“நான் கேக்கறேன், பாருங்க.”

கொஞ்ச நேரம் தட்டினாள். “எல்லா மாதிரியும் ஒரே ஆள் எடுத்ததுங்க. ஆயிரத்து முந்நூத்தி இருபத்தாறு. பேர் இல்லை, எண்தான் இருக்கு. மாதிரி எடுத்தவர் பதினேழு.”

கோகிலவாணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். “பதினேழா? நல்லாப் பாருங்க.”

“பதினேழுதான்க்கா. தெரிஞ்சவரா?”

“என்ற நெம்பருங்க அது.”

யார் சட்டையைப் பிடிக்க வந்தாளோ அந்தச் சட்டை தன்னுடையதாக இருந்தது. கோகிலவாணி வெடித்தாள். “ஒரு எண்ணக்கூட நான் மாத்தி எழுதுனதில்லை! டீ குடிச்சதெல்லாம் மேல இருந்தவிய. நான் கருவி காட்டுனத அப்படியே எழுதிப் போட்டவ!”

“நீங்க பொய் எழுதினீங்கன்னு சொல்லலையேக்கா.” தன்ஷிகா திரையை இன்னும் கிட்டப் பார்த்தாள். “ஆனா இது ஒண்ணு விசித்திரமா இருக்கு. ஈயம் எவ்வளவு குறையுங்கறதுக்கு, கரியைவிட, சுண்ணாம்பைவிட, வேற ஒண்ணுக்கு அதிக மதிப்புக் குடுத்திருக்கு. ‘காத்திருந்த நாள்’னு ஒரு கட்டம்.”

“அப்படின்னா?”

“மாதிரி எடுத்த தேதிக்கும் சோதிச்ச தேதிக்கும் நடுவுல எத்தனை நாள்ங்கறது. நீங்க எடுத்த மாதிரிகள் எல்லாம் மூணு நாள். பதினோரு மாதிரி மட்டும் எடுத்த அன்னிக்கே சோதிச்சிருக்கு. அந்தப் பதினொண்ணுலயும் ஈயம் எண்பது, தொண்ணூறுன்னு வந்திருக்கு. மூணு நாள் ஆனது எல்லாம் ஆறு, ஏழு. நாங்க அந்தப் பதினொண்ணையும் தப்பான எண்ணுன்னு நினைச்சுக் கண்டுக்காம விட்டுட்டோம். கணிக்கும்போது காத்திருந்த நாள் மூணுன்னு நிரந்தரமா வெச்சுட்டோம், எல்லாத்துலயும் மூணுதானே இருந்துச்சு.” அவள் நிமிர்ந்தாள். “கரி தொட்டிக்குள்ளதானே வேலை செய்யும்? தண்ணி பாட்டிலுக்குள்ள போன பிறகு மூணு நாள் என்ன வேலை நடக்குது?”

“பாட்டிலு” என்றாள் கோகிலவாணி. “ஐயோ, பாட்டிலுங்க.”

பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. மாதிரி எடுத்த கையோடு பாட்டிலில் நாலைந்து சொட்டு நைட்ரிக் அமிலம் விட வேண்டும். அப்போதுதான் ஈயம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். விடாவிட்டால் மெல்ல மெல்லப் பாட்டில் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். ஆலையிலிருந்து உள்ளே வரும் கழிவுக்கு இந்தக் கவலை இல்லை. அது தானே அமிலத் தண்ணீர். சுண்ணாம்பும் கரியும் தாண்டி வெளியே வரும் தண்ணீர்தான் சாதுவான தண்ணீர். அதற்குத்தான் அமிலம் வேண்டும்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காக விட்டாள்; பயிற்சிக் காலம் என்று அந்த எண்களைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில் இருந்த கூடத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் போக வேண்டும். ஒருநாள் ஒரு பாட்டில் கசிந்து, கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளின் பட்டுப்புடவையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. பஸ்ஸே ரகளையானது. கண்டக்டர் நாச்சிமுத்து அன்றோடு கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்தா அம்மிணி, செவப்புச் சீட்டு ஒட்டுன பாட்டிலு என்ற வண்டியில ஏறக்கூடாது. தண்ணியாக் கொண்டு வா, ஏத்திக்கறேன். ஆசிட்டுன்னா எறங்கி நடந்துக்க.”

அவள் ஜீப் கேட்டு எழுதினாள், நான்கு முறை. பரிசீலனையில் உள்ளது என்று நான்கு முறை பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை, நடக்கவும் இல்லை. அமிலம் விடாமல் தண்ணீராகவே கொண்டு போனாள். கூடத்தில் வரிசை கட்டி நின்ற பாட்டில்களோடு அவளுடையதும் மூன்று நாள் நின்றது. பிறகு தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அங்கே அமிலம் விட்டாள். ஈயம் பாட்டிலோடு நின்றுவிட்டது. மேலதிகாரியின் ஜீப்பில் ஒட்டிக்கொண்டு போன அந்தப் பதினோரு நாள் மட்டும் அன்றைக்கே சோதித்ததால், கரி எவ்வளவு விட்டு வைத்ததோ அவ்வளவும் கருவியில் தெரிந்திருக்கிறது.

“அப்ப நீர்மதி கத்துக்கிட்டது கரி எவ்வளவு ஈயம் புடிக்கும்னு இல்லை” என்றாள், அத்தனையையும் கேட்டு முடித்த தன்ஷிகா. “பாட்டில் எவ்வளவு புடிக்கும்னு.”

“குழாய்க்கும் வாய்க்கும் நடுவுல மூணு நாள் எங்கீங்க அம்மிணி இருக்குது?” என்றாள் கோகிலவாணி. “என்ற புள்ளைக்கு நானே விசம் வெச்சுட்டனே.”

“மத்த நாப்பத்தோரு ஊரையும் பாத்துட்டேன். அங்கேயும் மூணு, நாலுன்னுதான் இருக்கு. எல்லா ஊர்க் கண்டக்டரும் ஒரே மாதிரிதான் போல.” தன்ஷிகா திரையை மூடினாள். “அக்கா, அளவு எடுத்துக் கணிப்பைத் தோற்கடிக்க முடியாது. பத்தொன்பது தடவை பாத்துட்டீங்க. ஆனா சட்டத்துல ஒரு வழி இருக்கு. எண்ணைக் குடுத்தவங்களே அது தப்புன்னு நிரூபிச்சுத் திரும்ப வாங்கிக்கலாம். எண் இல்லைன்னா அந்த ஊருக்குக் கணிப்பு இல்லை. கணிப்பு இல்லைன்னா குழாயை அடைச்சே ஆகணும்.”

“பொறவென்ன, குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“அவசரப்படாதீங்க. அது குற்றத்தை ஒத்துக்கற மாதிரி. தவறான தரவு குடுத்ததுக்கு வழக்கு வரும், உள்ள போகக்கூட வேண்டியிருக்கும். யாரும் பயன்படுத்த மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் அந்த விதியையே எழுதினாங்க.”

கோகிலவாணி எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். கோபம் திரும்பி அவள் மேலேயே பாய்ந்திருந்தது. ஆனால் அது அவளை உட்கார விடவில்லை.

வீட்டுப் பரணில் ஒரு சாக்கு இருந்தது. கூடத்தை மூடிய அன்று, கடைசி வாரத்து மாதிரிகளைச் சோதித்து முடித்த கையோடு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பாட்டில்களைக் கழுவக்கூட விடவில்லை. நல்ல கெட்டி பாட்டில்கள், அகல வாய். தூக்கி எறிய மனசு வராமல், ஊறுகாய் போட ஆகும் என்று கட்டிக்கொண்டு வந்தாள். நான்கு வருடமாக ஊறுகாய் போடவில்லை. இருபத்து மூன்று பாட்டில்களிலும் அவள் கையெழுத்தில் தேதி, இடம், ‘வெளியேறும் நீர்’ என்ற சீட்டு அப்படியே இருந்தது.

எண்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனுக் கொடுத்தாள். விசாரணை நாளன்று கருவியை ஒரு தோளிலும் சாக்கை ஒரு தோளிலும் மாட்டிக்கொண்டு, சிவப்புச் சீட்டு ஒட்டிய அமிலப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். நாச்சிமுத்துவுக்குத் தலை நரைத்திருந்தது. கண் மட்டும் நரைக்கவில்லை.

“அம்மிணி, அது ஆசிட்டுத்தான?”

“ஆமாங்கண்ணா.”

“எத்தன தடவ சொல்லீருக்கறேன்? ஏறப்படாது.”

பதினைந்து வருடத்துக்கு முன் அவரோடு மல்லுக்கட்டியவள் இன்று ஒரு வார்த்தை பேசாமல் படியிலிருந்து காலை எடுத்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடத் தோன்றவில்லை; நடந்தாள். இந்தத் தூரத்தைத்தான் அன்று அவள் நடக்கவில்லை. விடிகாலையே கிளம்பியிருந்ததால் பத்தரை மணிக்கெல்லாம் மாவட்டத் தலைநகரில் இருந்த ஆணைய அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். குதிகால் இரண்டும் பொத்துப்போயிருந்தன.

நீர்க் கணிப்பு ஆணையத்தின் மாவட்ட அதிகாரி உமாபதி. நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, குளிர்ந்த அறை, நான்கு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்காத கை. அவளுடைய மனுவை இரண்டு முறை படித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமாம்மா உங்களுக்கு?”

“தெரியுமுங்க.”

“நிரூபிக்கணும். மாதிரித் தண்ணியெல்லாம் எப்பவோ கொட்டியாச்சு. எதை வெச்சு நிரூபிப்பீங்க?”

“தண்ணியத்தானுங்க கொட்டுனோம். ஈயம் பாட்டிலத்தான் புடிச்சுட்டு இருக்குது. நீங்களே சாக்குல கைய உட்டு அஞ்சு பாட்டிலு எடுங்க.”

அவர் விரல் நுனியால் ஐந்து எடுத்தார். ஒவ்வொன்றிலும் சுத்த நீரும் அமிலமும் விட்டு மூடி, குலுக்கி, அவர் மேஜை மேலேயே வரிசையாக வைத்தாள். அலுவலகத்திலிருந்தே ஒரு புதுப் பாட்டிலை வாங்கி அமிலத்திலேயே ஈயம் இல்லை என்று காட்ட அதிலும் அதே நீரும் அமிலமும் விட்டு ஆறாவதாக வைத்தாள். சாயங்காலம் நான்கு மணி வரைக்கும் ஊற வேண்டும் என்றாள். உமாபதி கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். நடுவில் அவர் சாப்பிடப் போனபோதும் அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நான்கு மணிக்குக் கருவி ஒவ்வொன்றாகச் சொன்னது. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. எண்பத்து நான்கு. எண்பத்தாறு. புதுப் பாட்டிலில் பூஜ்யம்.

உமாபதி சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். பயம் வந்த அதிகாரிக்குக் கோபம் வருவது வழக்கம். அவருக்கும் வந்தது. “ஏம்மா, அறிவிருக்கா? ஒரு ஊரே இந்த எண்ணை நம்பித் தண்ணி குடிச்சிருக்கு! ஒரு கண்டக்டர் சொன்னான்னு அமிலத்தைக் கீழ ஊத்திட்டு வந்தீங்களா? இறங்கி நடந்திருக்கலாமே! பதினாலு கிலோமீட்டர்தானே?”

கோகிலவாணி எழுந்தாள்.

“நடந்திருக்கோணுமுங்க. தப்புத்தான். இன்னைக்கு நடந்துதானுங்க வந்தேன், பதினஞ்சு வருசம் லேட்டா. ஆனா ஒண்ணு கேக்கறனுங்க. நாலு கடுதாசி போட்டேன், ஒரு ஜீப்பு வாங்கல. கோடி கோடியாக் கொட்டி மிசினு வாங்குனீங்க. புள்ளைக ரத்தத்தப் பாக்க உடாத ஒரு மிசினு. பத்தொன்பது தடவ நான் கத்துனப்ப ஒருத்தராவது ஒரு டம்ளர் தண்ணியப் புடிச்சு மோந்து பாத்தீங்களா? எனக்கு என்ன தண்டன வேணாக் குடுங்க, வாங்கிக்கறேன். மொதல்ல குழாய அடைங்க. பொறவு வெலங்க மாட்டுங்க.”

உமாபதி கணினியின் விசையைத் தட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில் வெள்ளோடைப்பாளையத்துக்கு நேரே இருந்த ‘ஆறு’ அழிந்து, ‘தரவு இல்லை’ என்று வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஊர்க் குழாய்கள் அடைக்கப்பட்டன. வெளியூரிலிருந்து தண்ணீர் லாரிகள் வந்தன. ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் அவள் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் திட்டினார்கள்.

ஆலைக்காரர்கள் மேல் வழக்கு இல்லை. அவர்கள் சட்டப்படியான கணிப்பை நம்பியவர்கள். ஆணையத்தின் மேல் வழக்கு இல்லை. அவர்கள் தங்களுக்கு வந்த தரவை நம்பியவர்கள். வழக்கு, ‘மாதிரி எடுத்தவர் பதினேழு’ மேல் மட்டும்தான். ஜாமீன் கிடைத்தது. இனி ஆயுளுக்கும் ஒரு மாதிரிப் பாட்டிலைத் தொடக் கூடாது என்று உத்தரவும் கிடைத்தது. பழைய பரிசோதனைக்கூட ஆட்கள் இருந்த கைப்பேசிக் குழுவில் நடந்ததை எல்லாம் எழுதி, “நீங்க யாராச்சும் ஆசிட்டோட பஸ் ஏறுனீங்களா?” என்று கேட்டாள். இரண்டு நாள் யாரும் காலை வணக்கம்கூடப் போடவில்லை. மூன்றாவது நாள் தெற்கே ஒரு ஊரிலிருந்து ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, “எங்கிட்டயும் பாட்டில் இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு அழுதார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு முற்பகல். மதிவதனி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ‘படம்’ என்ற சொல்லுக்கு அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. போன மாதம் அதுவும் வரவில்லை. இன்னும் எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு வராது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது.

“அம்மா, நான் உமாபதி பேசறேன். ஆணையத்திலேர்ந்து.”

“சொல்லுங்க சார்.”

“உங்க ஊர் பஸ் ஸ்டாப்புலதாம்மா நிக்கறேன். தொண்ணூறு நாள் கையால அளந்த பிறகுதான் குழாயைத் திறக்கலாம்னு விதி இருக்கு. மாவட்டத்துல மாதிரி எடுக்கத் தெரிஞ்ச ஆளே இல்லை. உங்களையும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கடைசியில என் தலையில கட்டிட்டாங்க. ஜீப்பெல்லாம் எப்பவோ ஏலத்துல போயிடுச்சு.” மூச்சு வாங்கினார். “காலையிலேர்ந்து ஆறு பாட்டில் எடுத்தேன். நீங்க சொன்ன மாதிரி அமிலமும் விட்டாச்சு. இப்ப இந்தக் கண்டக்டர் ஏத்த மாட்டேங்கறாரும்மா. நரைச்ச தலை ஒருத்தர். கார்டைக் காட்டினேன், மதிக்கவே மாட்டேங்கறாரு. ஆட்டோக்காரங்களும் சிவப்புச் சீட்டைப் பாத்தாலே ஓடறாங்க. அதான்... அமிலம் இல்லாம வேற பாட்டில்ல பிடிச்சு எடுத்துட்டுப் போயிடலாமான்னு... சாயங்காலமே ஆபீஸ்ல அமிலத்தை விட்டுடுவேன். மூணு நாளெல்லாம் ஆகாது.”

கோகிலவாணி எழுந்து நின்றாள். பதினைந்து வருடத்துக்கு முன் அதே நிறுத்தத்தில், அதே பஸ்ஸைப் பார்த்தபடி, அவளும் இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“சார், வெயில் எப்படீங்க இருக்குது?”

“கொளுத்துதும்மா.”

“காலுக்கு என்ன போட்டிருக்கறீங்க?”

“ஷூதான். ஏம்மா?”

“அப்பச் செரி. நடங்க. பதினாலு கிலோமீட்டர்தானுங்களே.”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். மதிவதனி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“யாரும்மா?”

“மாதிரி எடுக்கறவரு கண்ணு” என்றாள் கோகிலவாணி. “நீ படி.”